மரத்துக்கு வழிவிட்ட உத்தரம்

சிவில் இரண்டாமாண்டு படிக்கிற நான் வெனிஸ் நகரத்தைப் பற்றி எழுதுகிறேன் என்று சிரிக்காதீர்கள். நம் மாவட்ட எல்லையையே நான் இரண்டு தடவைதான் தாண்டியிருக்கிறேன். வெனிஸைப் பார்த்தது நம் நூலகப் புத்தகத்தில்தான்.

இத்தாலியில் இருக்கும் அந்த ஊரில் 1895 முதல் பியன்னாலே என்ற கலைவிழா நடந்து வருகிறது. அங்குள்ள ஒரு பூங்காவில் பல நாடுகள் தங்கள் ஓவியம், சிற்பங்களைக் காட்டச் சொந்தமாகக் கூடம் கட்டியிருக்கின்றன. முதலில் கட்டியது பெல்ஜியம், 1907-ல். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து மூன்றுக்கும் சேர்த்து ஒரு கூடம் கட்ட 1958-ல் போட்டி நடந்தது. ஜெயித்தவர் ஸ்வெர்ரே ஃபேன் என்ற நார்வேக்காரர். 1962-ல் கட்டி முடித்தார்கள்.

அந்த இடத்தில் மரங்கள் நின்றன. நாமாயிருந்தால் எஸ்டிமேட்டின் முதல் வரியிலேயே வெட்டிச் சாய்த்திருப்போம். அவர் கூரையில் இடம் விட்டார். மரங்கள் கூடத்துக்குள் நின்றபடியே கூரைக்கு மேலே வளர்ந்தன. பாரம் தாங்கும் பெரிய உத்தரம் ஒரு மரத்தருகே வந்ததும் கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்து வழிவிடுகிறது!

கூரையும் நம்ம ஸ்லாப் மாதிரி இல்லை. குறுக்கும் நெடுக்குமாக இரண்டு அடுக்கு கான்கிரீட் உத்தரங்கள். ஒவ்வொன்றும் 1 மீட்டர் உயரம், கனம் வெறும் 6 செ.மீ. நேர் வெயில் கீழே விழாது, வெளிச்சம் மட்டும் வடிந்து இறங்கும்.

போன வருஷம் எங்கள் வீட்டில் ஓர் அறை கூட்டிக் கட்டினோம். அப்பா சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். கையெழுத்து மட்டும் போடுவார். "படிக்கிற பய நீ, நீயே பிளான் போடு" என்றார். போட்டேன். சுவர் சரியாக அப்பத்தா வைத்த வேப்பமரத்தின் மேல் வந்தது. "ரெண்டடி தள்ளிக்கலாமாப்பா?" என்று என்னிடம் (ஆமாம், அப்பா என்னிடம்!) கேட்டார். "பிளான்னா பிளான்தான்" என்றேன். மறுநாள் அவரே கோடாரியை எடுத்தார்.

புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். "ரெண்டரை இஞ்ச்கூட இல்லையா? உள்ள கம்பியக் கட்டிட்டு கவர் எங்கடா விடுவான்?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் அந்தக் கவட்டை உத்தரத்தின் மேல் விரலை வைத்து, "இந்த மூலைக்குப் பலகை அறுக்கவே ஒரு நாள் ஆயிருக்கும்" என்றார்.

வேப்பமரத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதி தாண்டிவிட்டது, ஃபைன் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பா இன்னும் பார்த்து முடிக்கவில்லை.