அடக்கி வாசிக்கும் பிராசசர்

இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசசர்களிடம் ‘நீ யார்?’ என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. சிபியூஐடி என்று பெயர். கேட்டதும் 12 ஆங்கில எழுத்துக்குள் தன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடும். இன்டெல் தன்னை ‘அசல் இன்டெல்’ என்கிறது. ஏஎம்டியும் விடாமல் தன்னை அசல் என்கிறது. யார் சந்தேகப்பட்டார்களோ! எனக்குப் பிடித்தது, இன்று சந்தையிலேயே இல்லாத சைரிக்ஸ்தான். ‘சைரிக்ஸ்இன்ஸ்டெட்’ என்று பதில் சொல்லும். மற்றவனை விடு, என்னை எடு என்று அர்த்தம். ஏஎம்டியின் கே5 சோதனைச் சில்லுகளில் சில ‘ஏஎம்டிஇஸ்பெட்டர்!’ என்று ஆச்சரியக்குறியையும் சேர்த்துச் சரியாக 12-க்குள் பீற்றிக்கொண்டன.

மெய்நிகர் கணினிக்குள் இதே கேள்வியைக் கேட்டால் பதில் பிராசசரிடமிருந்து வருவதில்லை. இன்டெல்லின் விடி-எக்ஸ் ஏற்பாட்டில், உள்ளே ஓடும் லினக்ஸோ விண்டோஸோ சிபியூஐடி என்று வாயெடுத்ததுமே கட்டுப்பாடு, மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசரின் கைக்குப் போய்விடும். அது எழுதிக் கொடுப்பதுதான் பதில். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். தரகர் இல்லாததைக் கூட்டிச் சொல்வார். ஹைப்பர்வைசரோ பெரும்பாலும் இருப்பதைக் குறைத்துச் சொல்லும். அதற்கு நியாயம் இருக்கிறது. ஓடும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமல் ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, இங்கே காட்டிய வசதி அங்கே இல்லாமல் போனால் நிரல் நடுவழியில் விழுந்துவிடும். அதனால் இருப்பதிலேயே பழைய சர்வருக்குத் தெரிந்தது எதுவோ, அதுவே எல்லோருக்கும் தெரிந்தது என்று ஆகிவிடுகிறது.

அடக்கம் அளவு மீறினால்தான் தலைவலி. மெய்நிகர் கணினிக்குக் கேவிஎம்64 என்ற பொதுப் பிராசசர் மாதிரியை வைத்துவிட்டால் நேற்று வாங்கிய சர்வரும் பென்டியம் 4 காலத்து ஆள்போல நடிக்கும். 2022-இல் வந்த ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9, எஸ்எஸ்இ4.2 முதலான கட்டளைத் தொகுதிகள் இல்லாத பிராசசரில் எழுந்திருக்கவே மறுக்கும். மோங்கோடிபி 5.0 தரவுத்தளம் ஏவிஎக்ஸ் கேட்கும். கிடைக்காவிட்டால் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று முனகிவிட்டு நின்றுவிடும். ஆட்கள் ரேமைக் கூட்டுவார்கள், டிஸ்க்கைச் சோதிப்பார்கள், எல்லாவற்றையும் அழித்துத் திரும்ப நிறுவுவார்கள். உள்ளே போய் எல்எஸ்சிபியூ அடித்து, ஃப்ளாக்ஸ் வரிசையில் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் யாருக்கும் தோன்றாது. மாதிரியை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றினால் தீர்ந்தது.

எண்ணிக்கையிலும் கூத்து உண்டு. மெய்நிகர் கணினிக்கு 8 பிராசசர் கொடுத்திருப்பார்கள். விண்டோஸ் 10 ப்ரோ இரண்டைத்தான் காட்டும். அதை ஓட்டும் பழைய கியூஎம்யூ மென்பொருள், எட்டையும் தனித்தனிச் சாக்கெட்டில் செருகியதாகச் சொல்லி வைத்திருக்கும். ப்ரோவுக்கு உரிமம் 2 சாக்கெட் வரைதான். ஒரே சாக்கெட், 8 கோர் என்று திருத்தினால் எட்டும் வந்துவிடும். இல்லாத சாக்கெட்டுக்கு இருக்கிற உரிமம்!

இந்தப் பொய்க்கெல்லாம் இலக்கணம் எழுதியவர்கள் ஜெரால்ட் போப்பெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும். 1974 ஜூலையில் வந்த சின்னக் கட்டுரை அது. கணிதத் தேற்றம்போல எழுதியிருந்தாலும் எனக்கு அவ்வப்போது எடுத்துப் புரட்டப் பிடிக்கும். இயந்திரத்தின் உண்மை நிலையைத் தொடுகிற, அல்லது அதைக் காட்டிக்கொடுக்கிற எந்தக் கட்டளையையும் சாதாரண நிரல் சொன்னால், அது மேலிடத்தின் காதுக்குப் போயே ஆகவேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. ஒன்று தப்பினாலும் போயிற்று. பிடிபி-10 என்ற அருமையான இயந்திரம் இந்தத் தேர்வில் தோற்றது. அவர்கள் எடுத்துக்காட்டியது ஜேஆர்எஸ்டி 1 என்ற ஒற்றைக் கட்டளையை. 2000-இல் இருவர் பென்டியத்தைச் சலித்துப் பார்த்தபோது அப்படித் தப்புகிற கட்டளைகள் 17 தேறின. அவற்றில் எஸ்ஐடிடி யாரையும் கேட்காமல் உண்மையை உளறிவிடும். 2004-இல் ஜோனா ருட்கோவ்ஸ்கா அந்த ஒன்றை வைத்தே, தான் இருப்பது மெய்நிகர் கணினியா என்று கண்டுபிடிக்கும் குட்டி நிரல் எழுதினார். அதற்கு ‘ரெட் பில்’ என்று பெயர்.

1974-இல் கேட்டதை இன்டெல் 2005 கடைசியில் விடி-எக்ஸாகக் கொடுத்தது. கொடுத்ததைப் பல கணினிகளில் பயோஸில் அணைத்தே விற்றார்கள். மெய்நிகர் கணினி உருவாக்கும்போது 64 பிட் தேர்வே பட்டியலில் காணோம் என்று யாராவது புலம்பினால், இன்றும் முதலில் அங்கே போய்ப் பார்க்கத்தான் சொல்கிறேன்.