நம்பிக்கைக்கு எழுதிய உறுதி

“நம்பிக்கைக்கு எழுதிக் கொடுத்தது” என்னும் தொடரை யாழ்ப்பாணத்துக் கிராமங்களிற் கேளாதார் அரியர். கடன் தலைக்கு மேல் ஏறியதும், கொடுத்தவர் வழக்குத் தொடர்ந்து காணியை ஏலத்திற்குக் கொண்டுவருமுன், அதனை உறவினர் ஒருவர் பெயருக்கு அறுதியாக எழுதிவிடுவர். பணம் கைமாறுவதில்லை. தொல்லை தீர்ந்ததும் காணி திரும்பும் என்பது வாய்ப்பேச்சு.

என் தாயாரின் ஒன்றுவிட்ட சகோதரர் புகையிலை வியாபாரத்தில் நொடித்தபோது, பத்துப் பரப்புத் தோட்டக் காணியை அப்போது மணமாகாதிருந்த தம் தங்கைக்கு இவ்வாறே எழுதினார். அவ்வுறுதியை நான் வாசித்திருக்கிறேன். விலைத்தொகை எழுத்திலும் இலக்கத்திலும் உண்டு. நொத்தாரிசின் அத்தாட்சியிலோ, அத்தொகை முன்னரே பெறப்பட்டதென்றும் தம் முன்னிலையில் எதுவும் கைமாறவில்லையென்றும் காணப்படுகிறது. மெய்யான விற்பனைகளிலும் இவ்வாசகம் வருவதுண்டாதலின் அதுமட்டும் சான்றாகாது.

பின்னர் தங்கைக்குத் திருமணம் நிகழ்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் அக்காணியையும் சீதனக் கணக்கிற் சேர்த்துக்கொண்டனர். அண்ணன் திருப்பிக் கேட்டபோது தங்கை மறுத்தாரல்லர். ஆனால் தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூல இசைவு வேண்டும் என்கிறது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைக் கட்டளைச் சட்டம். அண்ணன் நம்பியது தங்கையை. சட்டம் கேட்டதோ மைத்துனரின் கையொப்பத்தை. அவர் அதை மெய் விற்பனை என்றே சாதித்தார்.

வழக்கு நீதிமன்றம் சென்றது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி பற்றிய வாய்ப்பேச்சுக்கு வலுவில்லை. எனினும் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தில் அப்போதிருந்த, பின்னர் நீக்கப்பட்ட 83ஆம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்திருந்தது. எழுதியவர் தம் பயன்பாட்டுரிமையைக் கைவிட எண்ணவில்லை என்று சூழ்நிலைகள் காட்டின், பெற்றவர் அவருக்காகவே காணியை வைத்திருப்பவராகக் கொள்ளப்பட்டார். உறுதி எழுதியபின்னும் யார் தோட்டஞ் செய்தார், யார் வரி செலுத்தினார், மூல உறுதிகள் யார் பெட்டியில் இருந்தன என்பனவே அச்சூழ்நிலைகள். மாமா இவற்றுக்கெல்லாம் விடை வைத்திருந்தார். ஆனால் 85ஆம் பிரிவும் அருகில் நிற்கிறது. சட்டவிரோத நோக்கத்துக்காக எழுதியவர், பெரும்பாலும் அந்நோக்கம் நிறைவேறாதிருந்தாற்றான் மீட்கலாம். “ஏமாற்றவே எழுதினேன்; ஆனால் ஏமாற்றி முடிக்கவில்லை” என்று ஒருவர் நீதிமன்றிற் கூறவேண்டிய நிலையை வேறெங்கும் நான் அறியேன்.

கடன் கொடுத்தவர் எங்கள் ஒழுங்கையிலேயே வாழும் ஒரு விதவை. சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தைக் கைச்சீட்டு ஒன்றை நம்பிக் கொடுத்தவர், அரைவாசிதானும் திரும்பவில்லை. இத்தகைய கைமாற்றத்தை இரத்துச் செய்விக்க உரோம-டச்சுச் சட்டம் கடன் கொடுத்தோருக்குப் பாவுலியன் வழக்கு என்னும் உரிமையை அளித்திருக்கிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமின்றி அவர் அதைத் தொடரவேயில்லை.

விசாரணையில் இரு தரப்பாரும் சாட்சிகள் பலரை அழைத்தனர். அவ்விதவையை எவரும் அழைக்கவில்லை. அவர் வாய் திறந்தால் மாமாவின் நோக்கம் நிறைவேறியது வெளிப்படும். மைத்துனரின் மெய் விற்பனையும் பொய்யாகும். வழக்குத் தவணை நாட்களிற் காலையில் இரு குடும்பத்தாரும் அவர் வாசலைக் கடந்தே பேருந்துக்குச் செல்வர்.