தண்ணீர் திறக்காத ஒரு மணி நேரம்

நான் வக்காலத்து போடாத ஒரு வழக்கைத்தான் என் ஜூனியர்களுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன். நடந்த இடம் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. நாள் 1985 மே 13. வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் நிறைந்த ஒரு தெருவில், ஒரு வீட்டுக் கூரையின் மேல் காவல்துறை ஹெலிகாப்டரிலிருந்து குண்டு போட்டது. உள்ளே இருந்த 13 பேரில் 11 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் ஐவர் குழந்தைகள். தீ பரவி 61 வீடுகள் அழிந்தன. இதற்காகச் சிறைக்குப் போனவர் ஒரே ஒருவர். அவரும் குண்டு போட்டவரல்ல, போடச் சொன்னவருமல்ல. எரிந்த வீட்டிலிருந்து உயிரோடு வந்த ரமோனா ஆஃப்ரிக்கா என்ற பெண்.

இந்த வழக்கை எனக்கு முதலில் காட்டியது ஜேசன் ஆஸ்டர் இயக்கி 2013-இல் வெளிவந்த ‘லெட் த ஃபயர் பர்ன்’ என்ற ஆவணப்படம். அதில் கதை சொல்லும் குரல் கிடையாது. பின்னாளில் எடுத்த பேட்டி ஒன்றுகூடக் கிடையாது. அன்றைய தொலைக்காட்சிச் செய்திகள், நகரம் அமைத்த விசாரணை ஆணையத்தின் நேரடி ஒளிபரப்பு, ஒரு சிறுவனின் வாக்குமூலப் பதிவு, இடையிடையே சில வரி எழுத்து. அவ்வளவுதான். நல்ல கேஸ் கட்டு இப்படித்தான் இருக்க வேண்டும். யாரும் நமக்காகப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் தன் வாயாலேயே தன்னைப் பதிவு செய்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த வீட்டில் இருந்தவர்கள் ‘மூவ்’ என்ற குழுவினர். 1972-இல் ஜான் ஆஃப்ரிக்கா என்று தன்னை அழைத்துக்கொண்டவர் தொடங்கியது. இயற்கையோடு வாழ்வது, இயந்திர நாகரிகத்தையும் அரசையும் மறுப்பது அவர்கள் கொள்கை. உறுப்பினர் எல்லோரும் ‘ஆஃப்ரிக்கா’ என்ற பெயரையே சூட்டிக்கொண்டார்கள். அவர்களைப் புனிதர்களாக்க நான் முயலவில்லை. 6221 ஓசேஜ் அவென்யூ வீட்டின் மேல் ஒலிபெருக்கி கட்டி இரவு பகலாக வசை பாடினார்கள். கூரையில் பதுங்கு அறை கட்டினார்கள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் கறுப்பின மக்கள்தான். உழைத்துச் சேர்த்து வீடு வாங்கிய குடும்பங்கள். அவர்கள்தான் தாங்க முடியாமல் நகர நிர்வாகத்திடம் முறையிட்டார்கள். அவர்கள் முறையீட்டில் நியாயம் இருந்தது. நிம்மதி கேட்டுப் போனவர்களுக்கு வீடே இல்லாமல் போனது.

இரு தரப்புக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. 1978 ஆகஸ்ட் 8 அன்று, குழுவினரின் முந்தைய வீட்டைக் காலி செய்யப் போன இடத்தில் துப்பாக்கிச் சண்டை மூண்டு, ஜேம்ஸ் ராம்ப் என்ற காவலர் இறந்தார். குழுவினர் ஒன்பது பேருக்கு 30 முதல் 100 ஆண்டு வரை தண்டனை விழுந்தது. அதே நாளில் கையை உயர்த்திச் சரணடைந்த டெல்பர்ட் ஆஃப்ரிக்காவைக் காவலர்கள் அடித்து, உதைத்து, முடியைப் பிடித்து இழுத்ததும் கேமராவில் பதிவானது. அதற்காக மூன்று காவலர்கள் விசாரணைக்கு நிறுத்தப்பட்டார்கள். ஜூரி முடிவு சொல்லும் வரை போகாமல் நீதிபதியே அவர்களை விடுதலை செய்தார். ‘வீடியோ இருக்கிறது சார், வழக்கு ஜெயித்த மாதிரிதான்’ என்று துள்ளி வரும் ஜூனியரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். காட்சி சாட்சியம் மட்டும்தான், தீர்ப்பு அல்ல.

1985 மே 13 காலை. நான்கு பேரைக் கைது செய்ய வாரண்ட். அதற்கு வந்த காவலர்கள் ஏறக்குறைய 500 பேர். தொண்ணூறு நிமிடத்துக்குள் வீட்டை நோக்கி 10,000 ரவுண்டுக்கு மேல் சுட்டார்கள். உள்ளே குழந்தைகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். மாலை ஐந்தரை மணி வாக்கில் கூரையில் குண்டு விழுந்தது. தீப்பிடித்தது.

இந்த வழக்கின் உயிர்நிலை அதற்குப் பிந்தைய ஒரு மணி நேரம். காலையில் அதே கூரையின் மேல் தண்ணீரைக் கொட்டிய பீரங்கிகள் அங்கேயே நின்றன. தீயணைப்பு வீரர்களும் நின்றார்கள். தண்ணீர் திறக்கவில்லை. பதுங்கு அறை எரிந்து விழட்டும் என்று காவல் ஆணையர் கிரெகோர் சேம்போரும் தீயணைப்பு ஆணையர் வில்லியம் ரிச்மண்டும் விட்டுவைத்தார்கள். மேயர் வில்சன் குட், தீயை அணைக்கத் தான் சொன்னதாகச் சாட்சியம் அளித்தார். அந்த உத்தரவு எப்போது, யார் வழியாக, யார் காதில் விழுந்தது என்பதில் ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒட்டவில்லை. தொலைக்காட்சித் திரையில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகளைத் தண்ணீர் என்று எண்ணிவிட்டதாகவும் மேயர் சொன்னார். படத்தில் அந்தச் சாட்சியத்தைக் கேட்டுவிட்டு, எரியும் வீட்டையும் பார்க்கிறோம். குறுக்கு விசாரணைக்கு இனி ஒரு கேள்வி தேவையில்லை.

அடுத்தது பின் சந்து. உள்ளே இருந்தவர்கள் தப்பிக்க இருந்த வழி அது. அங்கே என்ன நடந்தது என்பதைக் காட்டும் காட்சி படத்தில் இல்லை. சாட்சியங்கள் மட்டும் எதிரெதிரே நிற்கின்றன. வெளியே வந்தவர்களை நோக்கித் தாங்கள் சுடவில்லை என்றார்கள் காவலர்கள். வெளியேற முயன்றோம், குண்டுச் சத்தம் கேட்டு உள்ளே திரும்பினோம் என்றான் பர்டி ஆஃப்ரிக்கா என்ற 13 வயதுச் சிறுவன். பிழைத்த ஒரே குழந்தை அவன்தான். குழந்தைச் சாட்சியை எப்படி எடைபோடுவது என்று நம் நீதிமன்றங்களிலும் நாளும் வாதிடுகிறோம். சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறதா, கண்டதைச் சொல்கிறதா என்று பார்க்கிறோம். பர்டி தாழ்ந்த குரலில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான். யார் மேலும் பழி தூக்கிப் போட அவன் முயலவில்லை. விசாரணை ஆணையம் 1986-இல் தந்த அறிக்கையில், பின் சந்தில் காவலர்கள் சுட்டதால்தான் சிலர் தீயிலிருந்து தப்ப முடியாமல் போனது என்ற முடிவுக்கு வந்தது. ஆட்கள் இருக்கும் வீட்டின் மேல் குண்டு போட்டது மனசாட்சிக்கு ஒவ்வாத செயல் என்றும், குழந்தைகளின் சாவு நியாயமில்லாத கொலையாகவே தெரிகிறது என்றும் சொன்னது.

அந்தச் சந்தில் பர்டியைத் தூக்கி எடுத்துக் காப்பாற்றியவரும் ஒரு காவலர்தான், ஜேம்ஸ் பெர்கயர். அதற்குப் பரிசாக, காவல்நிலையத்தில் அவருடைய லாக்கரின் மேல் இனவெறி வசை எழுதி வைக்கப்பட்டது. அவர் வேலையை விட்டார். காவல்துறை முழுவதையும் ஒரே தட்டில் வைத்துப் பேச வரும்போதெல்லாம் அவர் பெயர் என்னைத் தடுக்கிறது. அன்று வேறு வகையில் நடந்துகொள்ள முடியும் என்பதற்கு அவரே சாட்சி.

ஆணையம் அத்தனை சொல்லியும் 1988-இல் கிராண்ட் ஜூரி அதிகாரிகள் ஒருவர் மீதும் குற்றச்சாட்டு வேண்டாம் என்று முடித்தது. ரமோனா மட்டும் கலவரம், சதி ஆகிய குற்றங்களுக்காக ஏழு ஆண்டு சிறையில் இருந்தார். குழுவோடு உறவை முறித்துக்கொண்டால் முன்கூட்டியே வெளியே வரலாம் என்ற நிபந்தனையை ஏற்க மறுத்தார். 1996-இல் அவர் தொடுத்த உரிமையியல் வழக்கில், அளவுக்கு மீறிய பலம் பயன்படுத்தப்பட்டதாக ஜூரி கண்டது. ரமோனாவுக்கும் இறந்த இருவரின் உறவினர்களுக்கும் சேர்த்து நகரம் 15 லட்சம் டாலர் தர வேண்டும் என்றது. சேம்போரும் ரிச்மண்டும் 11 ஆண்டுகளுக்கு வாரம் ஒரு டாலர் கட்ட வேண்டும் என்றும் சொன்னது. இறந்தவர் பதினொருவர், அதனால் பதினொரு ஆண்டு என்றே நான் படிக்கிறேன். அந்த ஒரு டாலரையும் நீதிபதி பின்னர் ரத்து செய்தார். மேயருக்கோ அதற்கு முன்பே சட்டப் பாதுகாப்பு கிடைத்திருந்தது. நகர மன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2020-இல்.

இதில் நான் கண்ட பாடம் ஒன்றுதான். குண்டு போட்டதை எல்லோரும் பார்த்தார்கள், அதைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் குண்டு விழுந்த பிறகும் அந்தக் குழந்தைகள் உயிரோடு இருந்தார்கள். அவர்களைக் கொன்றது செய்யாமல் விட்ட செயல். முந்தைய நாட்களில் குழந்தைகள் வெளியே வந்தபோது பாதுகாப்பில் எடுக்காமல் விட்டார்கள். கையில் தண்ணீர் இருந்தும் திறக்காமல் விட்டார்கள். 1860-இல் எழுதிய நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் 36-ஆம் பிரிவே, பாதி செயலாலும் பாதி செய்யத் தவறியதாலும் விளைந்த கேடு, முழுச் செயலால் விளைந்ததற்குச் சமமான குற்றம் என்றது. சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. அதை நிரூபிக்க நாம் சேர்க்கும் பதிவில்தான் ஓட்டை.

அதனால், காவல் நடவடிக்கையில் யாராவது இறந்த வழக்கு நம் மேசைக்கு வந்தால், யார் சுட்டார் என்ற கேள்வியோடு நிறுத்தாதீர்கள் என்று ஜூனியர்களிடம் சொல்கிறேன். முதல் நிமிடத்திலிருந்து கடைசி நிமிடம் வரை ஒரு கால வரிசை போடுங்கள். கட்டுப்பாட்டு அறைப் பதிவு, வயர்லெஸ் பேச்சு, ஆம்புலன்ஸ் கூப்பிட்ட நேரம், செய்தி நிறுவனங்களிடம் உள்ள வெட்டப்படாத காட்சி ஆகியவற்றை அழிவதற்கு முன் கேட்டு மனுப் போடுங்கள். ஒவ்வொரு நிமிடத்துக்கும் எதிரே, அப்போது தடுக்கும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்று பெயர் எழுதுங்கள். ஃபிலடெல்ஃபியாவில் எழுத வேண்டிய பெயர்கள் எல்லாம் தெரிந்திருந்தும் தண்டனை கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் பதிவு இருந்ததால்தான், தீ தானாகப் பரவியது என்று அந்த நகரத்தில் இன்று ஒருவரும் சொல்ல முடியாது. பெயர் எழுதாத வழக்கில் அந்த அளவு உண்மைகூட மிஞ்சாது.