கரண்ட் போனா எது ஓடணும்? வீட்டுல கட்டுற விமானத்தோட வயரிங் பத்தி ஒரு த்ரெட்

1/ இன்வெர்ட்டர் மாட்ட வர்ற எலக்ட்ரீஷியன் முதல்ல கேக்குற கேள்வி: "எந்த ஃபேன், எந்த லைட்டு இதுல வரணும்?" எல்லாமே வேணும்னு சொன்னா பேட்டரி சீக்கிரம் படுத்துடும். இதே கேள்வியை சொந்தமா விமானம் கட்டுறவங்களும் கேட்டாகணும். அங்க பதில் தப்பானா உயிர் போகும்.

2/ சொந்தமா விமானமான்னு கேக்காதீங்க. மும்பை காந்திவலியில மொட்டை மாடியில விமானம் கட்டின பைலட் அமோல் யாதவ், 2017-ல அதைப் பதிவே பண்ணினார். ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன், லாக்டவுன் காலத்துல இங்கிலாந்துல ஸ்லிங் டிஎஸ்ஐங்கற 4 சீட் கிட் வாங்கிக் கட்டினார். அதுல அவர் ஐரோப்பிய நாடுகளுக்குப் பறந்துட்டு வந்தது 2022-ல பெரிய செய்தி.

3/ எனக்கு இதுல என்ன வேலை? பெரம்பலூர்ல என்கூட ஸ்கூல் படிச்சவன் இப்ப டெக்சாஸ்ல இருக்கான். காரேஜ்ல ஆர்வி-10ங்கற 4 சீட் விமானம் கட்டுறான். மூணு வயரிங் படம் அனுப்பி, "டேய், வார்டுல கரண்ட் போனா எதை முதல்ல பாப்பன்னு உனக்குத் தெரியும்ல, இதுல எதுன்னு சொல்லு"ன்னான்.

4/ அன்னைக்கு ராத்திரியே அவன் மனைவிகிட்ட இருந்து தனியா ஒரு மெசேஜ். "அண்ணா, நானும் பாப்பாவும் அதுல உக்காரப் போறோம். அவர் சொல்றது சரிதானான்னு நீங்களும் ஒரு தடவை பாருங்க." அதுக்கப்புறம் விளையாட்டா எடுத்துக்க முடியல. அரியலூர்ல நைட் டூட்டி முடிச்சு வந்து, நாலு வாரம் இதைத்தான் படிச்சேன்.

5/ முதல் கேள்வி: கரண்ட் போனா இன்ஜின் நிக்குமா? லைகாமிங் மாதிரி பாரம்பரிய இன்ஜின்ல மேக்னெட்டோ இருக்கும். சுழலுற காந்தத்துல இருந்து அதுவே ஸ்பார்க் தயாரிச்சுக்கும், பேட்டரி தேவையில்ல. வழக்கமா ரெண்டு இருக்கும். நம்ம கிட்னி மாதிரி, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு ஓட்டிடும்.

6/ புது இன்ஜின்கள் கதை வேற. ஸ்லிங் டிஎஸ்ஐல வர்ற ரோட்டாக்ஸ் 915 ஐஎஸ், முழுக்க கம்ப்யூட்டர் சொல்றபடி ஓடுறது. கரண்ட் இல்லைன்னா இன்ஜினும் இல்ல. அதனால உள்ளயே 2 ஜெனரேட்டர் வச்சிருக்காங்க. ஒண்ணு இன்ஜினுக்கு, இன்னொண்ணு மத்த கருவிக்கு. இன்ஜினோடது செத்தா, ரெண்டாவது இன்ஜினுக்கு மாறிடும். ரேடியோ, ஸ்கிரீன் எல்லாம் பேட்டரியை நம்பி நிக்கும்.

7/ இதை நம்ம உடம்பு தினமும் செய்யுது. ரத்தம் நிறைய போய் ஷாக்ல வர்ற பேஷன்ட்டோட கையைத் தொட்டா சில்லுன்னு இருக்கும், யூரின் குறையும். தோலுக்கும் குடலுக்கும் போற ரத்தத்தைக் குறைச்சு, உடம்பு மூளையையும் இதயத்தையும் காப்பாத்துது.

8/ விமானத்துல இந்த வேலைக்கு 'எண்டியூரன்ஸ் பஸ்'னு பேரு. பஸ்னா இங்க பல வயர் கிளம்புற ஒரு பொதுப் பட்டை. அமெரிக்காவுல பாப் நக்கல்ஸ்ங்கற இன்ஜினியர் பிரபலமாக்கின யோசனை இது. வானத்துல இருந்து பத்திரமா இறங்க எது கட்டாயம் வேணுமோ, அதை மட்டும் இந்தத் தனிப் பட்டையில போடுவாங்க. லேண்டிங் லைட், சீட் ஹீட்டர் எல்லாம் மெயின் பஸ்ல.

9/ ரெண்டுக்கும் நடுவுல ஒரு டையோடு. இதயத்துல இருக்குற வால்வு மாதிரி, ஒரு பக்கம்தான் விடும். மெயின் பஸ் கெட்டுப்போனா, ஒரு சுவிட்ச்சைத் தட்டி பேட்டரியில இருந்து நேரா எண்டியூரன்ஸ் பஸ்ஸுக்குக் கரண்ட் கொடுக்கலாம். அது பின்னாடி திரும்பி, கெட்ட பக்கம் வழியா வீணாகாது.

10/ இப்ப கணக்கு. ஸ்கிரீன், ரேடியோ, டிரான்ஸ்பாண்டர் எல்லாம் சேர்த்து 5 ஆம்பியர்னு வைங்க. 17 ஆம்பியர் அவர் பேட்டரி, காகிதத்துல 3 மணி நேரத்துக்கு மேல வரும். பேட்டரிக்கும் வயசாகும், அதனால 2 மணி நேரம்னுதான் நம்பணும். டேங்க்ல 4 மணி நேர பெட்ரோல் இருந்தா? பெட்ரோல் தீர்ற வரைக்கும் கரண்ட் தாங்கணுங்கறதுதான் நக்கல்ஸ் வைக்கிற அளவு.

11/ அப்புறம் அலாரம். ஆல்டர்னேட்டர் ஓடுறப்ப சிஸ்டம் 14 வோல்ட்ல நிக்கும். 13-க்குக் கீழ போனதும் கண்ணு முன்னாடி ஒரு லைட்டு எரியணும். ஆல்டர்னேட்டர் செத்ததை ஒரு மணி நேரம் கழிச்சுக் கண்டுபிடிச்சா, மேல போட்ட கணக்கெல்லாம் வீண். பல்ஸ் ஆக்ஸிமீட்டர் கத்துறது எதுக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

12/ எந்தக் கருவி எந்த பஸ்லங்கறது சின்ன விஷயம் இல்ல. 1998 செப்டம்பர் 2, சுவிஸ்ஏர் 111, கனடா கடல்ல விழுந்து 229 பேர் இறந்தாங்க. காக்பிட்டுக்கு மேல தீ. பயணிகள் படம் பாக்குற சிஸ்டத்தை, 'கேபின் பஸ்' சுவிட்ச் அணைச்சாலும் அணையாத வேற பஸ்ல இணைச்சிருந்தது விசாரணையில தெரிஞ்சது. அதை முன்னாடியே அணைச்சிருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரல. சுவிட்ச் மேல எழுதியிருக்குறதும், பின்னாடி வயர் போற இடமும் ஒண்ணா இருக்கணும்.

13/ நண்பன் ஆசைப்பட்டது பெரிய டிசைன் மேல. 2 பேட்டரி, 2 ஆல்டர்னேட்டர், நடுவுல இணைக்க ஒரு சுவிட்ச். கேக்க நல்லாருக்கு. ஆனா எடை கூடும், பதட்டத்துல யோசிக்க வேண்டியதும் கூடும். 5 மாத்திரை போதுங்கற தாத்தாவுக்கு 11 மாத்திரை எழுதுற மாதிரி. ஒவ்வொண்ணும் சரிதான், சேர்ந்தா புதுப் பிரச்சினை.

14/ ரெண்டு இருந்தா மட்டும் போதாது, ரெண்டும் ஒரே இடத்தை நம்பக் கூடாது. 2012 சாண்டி புயல்ல நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியோட ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில பத்திரமா இருந்தது. அதுக்கு டீசல் ஏத்துற பம்ப் பேஸ்மென்ட்ல. தண்ணி புகுந்துச்சு. படியில டீசலைக் கையால சுமந்தாங்க, கடைசியில பேஷன்ட்களை வெளியேத்தினாங்க.

15/ பேசிப் பேசி வந்த முடிவு இது. ஒரு பேட்டரி, ஒரு பெரிய ஆல்டர்னேட்டர். வேக்குவம் பம்ப் வேண்டாம்னு விட்ட காலி இடத்துல 8 ஆம்பியர் குட்டி ஆல்டர்னேட்டர் ஒண்ணு. பெருசு செத்தா, எண்டியூரன்ஸ் பஸ்ஸோட 5 ஆம்பியரை குட்டி சுமக்கும். பேட்டரி இறங்குறதுக்காக சுருக்க இறங்கிடாது பயணம். ஸ்பார்க்குக்கு ஒரு பக்கம் எலக்ட்ரானிக், இன்னொரு பக்கம் மேக்னெட்டோ. மொத்தக் கரண்டும் போனாலும் இன்ஜின் ஓடும்.

16/ தங்கச்சிக்கு நான் அனுப்பின பதில்: "பாதுகாப்புன்னு சொல்ற தகுதி எனக்கு இல்லம்மா, அதை அங்க இருக்குற இன்ஸ்பெக்டர் பாத்து சொல்லணும். ஆனா நீங்க அவன்கிட்ட ஒண்ணு கேளுங்க. லைட்டு எரிஞ்சா எந்த சுவிட்ச், எந்த வரிசைன்னு புத்தகம் பாக்காம சொல்லச் சொல்லுங்க. ரெண்டு மூச்சுக்குள்ள சொல்லிட்டான்னா டிசைன் சரி. திணறினா, வயரிங்கைக் குறைக்கச் சொல்லுங்க."

17/ இதைப் படிக்கிற உங்க யார் வீட்டுலயும் விமானம் இருக்காது. ஆனா நம்ம மாவட்டங்கள்ல நுரையீரல் நோயோட, வீட்டுல ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வச்சிருக்குற பெரியவங்க இருக்காங்க. அது 300 வாட் அளவுக்கு இழுக்குற மெஷின். வீட்டு இன்வெர்ட்டர் ராத்திரி முழுக்கத் தாங்காது.

18/ அவங்க வீட்டுல ஒரு சின்ன ஆக்ஸிஜன் சிலிண்டர், ரெகுலேட்டரோட, நிரப்பி, கட்டிலுக்குப் பக்கத்துல நிக்கணும். அதுக்குக் கரண்டே வேண்டாம். அதுதான் உங்க வீட்டு மேக்னெட்டோ. திறக்கத் தெரிஞ்சவங்க ஒருத்தர் மட்டும் இருந்தா பத்தாது, ரெண்டு பேர் பழகி வைங்க. சந்தேகம் இருந்தா உங்க டாக்டர்கிட்ட கேளுங்க, இங்கயும் கேளுங்க. டூட்டி முடிச்சு வந்து பதில் போடுறேன்.