கடலுக்கடியில் கேமரா: செட்டிங்கைப் படகிலேயே முடிவு பண்ணிடுங்க

1/
18 மீட்டர் ஆழத்தில் என் விரலில் இருந்து கசிஞ்ச ரத்தம் பச்சையா இருந்தது. நான் மயக்க மருந்து டாக்டர். 20 வருஷமா தினமும் ரத்தம் பார்க்கிற ஆளு. அப்படியும் ஒரு நொடி, "என்னடா இது, நமக்குள்ள என்ன ஓடுது?"ன்னு ஆயிடுச்சு.

2/
இது நடந்தது 2019 பிப்ரவரி, அந்தமான் ஹேவ்லாக் தீவுப் பக்கம். இப்போ அதோட அதிகாரப்பூர்வப் பேரு சுவராஜ் தீவு. பாறையில ஒட்டியிருந்த கொட்டலசு விரலைக் கீறிடுச்சு. படம் எடுக்கிற ஆசையில பாறையைப் பிடிச்சது என் தப்பு.

3/
போன வாரம் நான் போட்ட கடலடிப் படங்களைப் பார்த்துட்டு நிறைய பேர் "என்ன செட்டிங் டாக்டர்?"னு கேட்டீங்க. சொல்றேன். ஆனா அதே டைவ்ல நான் பண்ண இன்னொரு தப்பையும் சேர்த்துத்தான் சொல்லணும். அதை விட்டுட்டு நம்பர் மட்டும் கொடுத்தா, மருந்துப் பேரை எழுதிட்டு எத்தனை வேளைன்னு எழுதாத சீட்டு மாதிரி ஆயிடும்.

4/
முதல்ல ரத்தம் ஏன் பச்சை? சூரிய வெளிச்சம் தண்ணிக்குள்ள இறங்க இறங்க, தண்ணி ஒவ்வொரு நிறமா குடிச்சிடும். முதல்ல போறது சிவப்பு. 5 மீட்டரிலேயே பெருமளவு போயிடும். அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள். 18 மீட்டர்ல ரத்தத்து மேல படறதுக்குச் சிவப்பு வெளிச்சமே மிச்சம் இல்ல. டார்ச் அடிச்சுப் பார்த்தா அதே ரத்தம் பழையபடி சிவப்பு.

5/
இதுல கேமராவுக்கான முதல் பாடம் இருக்கு. தண்ணி மேலிருந்து கீழ வரும்போது மட்டும் நிறத்தைக் குடிக்கிறது இல்ல. மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவுல இருக்கிற தண்ணியும் குடிக்கும். 3 மீட்டர் தள்ளி இருக்கிற மீனை ஃபிளாஷ் போட்டு எடுத்தா, வெளிச்சம் போக 3, வர 3, மொத்தம் 6 மீட்டர் தண்ணி. அதனால எந்த செட்டிங்கையும் விட முக்கியம், கிட்டப் போறது. ஒரு மீட்டருக்குள்ள வராத மீனை நான் படம் எடுக்கிறதே இல்ல. பார்த்து ரசிச்சுட்டு விட்டுடுவேன்.

6/
என் கிட்ட இருக்கிறது கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2. சட்டைப் பையில போடற சைஸ், 1 அங்குல சென்சார். அதுக்கு ஒரு ஹவுசிங், வெளியில ஒரு சின்ன ஃபிளாஷ். பெரிய கேமரா வேணும்னு இல்ல. எம் மோடும், ரா ஃபைலும் இருந்தா போதும்.

7/
மூணு குமிழ் இருக்கு: எஃப் நம்பர், ஷட்டர், ஐஎஸ்ஓ. எஃப் நம்பர் புதுசா கத்துக்கிறவங்களைக் குழப்பும், ஏன்னா நம்பர் ஏறினா துளை சின்னதாகும். ஆஸ்பத்திரியில வேலை பார்க்கிறவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கேனுலாவும் அப்படித்தானே? 16 தடி, 22 மெலிசு. எஃப் 2 நிறைய வெளிச்சத்தை விடும், எஃப் 8 கொஞ்சமா விடும். பதிலுக்கு எஃப் 8ல மீனோட மூக்கிலிருந்து வால் வரைக்கும் தெளிவா இருக்கும்.

8/
ஷட்டர், அந்தத் துளை எவ்வளவு நேரம் திறந்திருக்குங்கிறது. ஐஎஸ்ஓங்கிறது ஈசிஜி மானிட்டர்ல கெய்ன் கூட்டற மாதிரி. அலை பெருசா தெரியும், கூடவே இரைச்சலும் பெருசாகும். இவ்வளவு சின்ன சென்சார்ல ஐஎஸ்ஓ 800க்கு மேல போனா படம் பொறிபொறியா ஆக ஆரம்பிக்கும். முடிஞ்சவரை 125லிருந்து 400க்குள்ள நிறுத்துங்க.

9/
ஃபிளாஷ் இல்லாதவங்களுக்கு: ஆழத்துக்கு ஆசைப்படாதீங்க. 10 மீட்டருக்கு மேலேயே, சூரியன் உச்சியில இருக்கிற நேரத்துல எடுங்க. ஐஎஸ்ஓ 200 அல்லது 400, ஷட்டர் 1/125, எஃப் 4 பக்கம். சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஒரு வெள்ளை ஸ்லேட்டை எடுத்துட்டுப் போய், அந்த ஆழத்துலயே கஸ்டம் வொயிட் பேலன்ஸ் எடுத்துக்குங்க. 5 மீட்டர் ஏறி இறங்கினா திரும்ப எடுக்கணும். ரா ஃபைல்னா பின்னாடி வீட்டுல உட்கார்ந்தும் சரி பண்ணலாம்.

10/
ஃபிளாஷ் இருக்கிறவங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். இது புரிஞ்சா பாதிக் குழப்பம் தீர்ந்துடும். உங்க ஒரு படத்துக்குள்ள ரெண்டு வெளிச்சம் இருக்கு. பின்னாடி நீலக் கடல், அது சூரியனோடது. முன்னாடி மீன், அது உங்க ஃபிளாஷோடது. ஃபிளாஷ் கண்சிமிட்டற நேரத்துக்குள்ள அடிச்சு முடிஞ்சுடும், அதனால ஷட்டரைக் கூட்டினாலும் குறைச்சாலும் மீனோட வெளிச்சம் மாறாது. நீலம் மட்டும்தான் மாறும்.

11/
அதனால: கடல் ரொம்ப வெளுத்துப் போச்சா? ஷட்டரை வேகப்படுத்துங்க. 1/125லிருந்து 1/250. மீன் வெளுத்துப் போச்சா? ஃபிளாஷ் பவரைக் குறைங்க, இல்ல எஃப் நம்பரை ஏத்துங்க. எது தப்புன்னு பார்த்து அந்த ஒரு குமிழை மட்டும் தொடுங்க.

12/
என் ஆரம்பப் புள்ளிகள்.
சின்ன உயிரினம், உதாரணத்துக்கு நுடிபிராங்க்னு சொல்ற ஓடில்லாத கடல் நத்தை: எஃப் 8, 1/250, ஐஎஸ்ஓ 125, ஃபிளாஷ் கால் பவர்.
பாறை, கடல் சாமந்தி, அதுக்குள்ள ஒளியிற கோமாளி மீன்: எஃப் 5.6, 1/125, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் அரை பவர்.
மேல பார்த்து சூரியனோட சேர்த்து எடுக்கிற படம்: எஃப் 8, 1/1000, ஐஎஸ்ஓ 125, ஃபிளாஷ் முழு பவர். இந்த மாதிரி காம்பாக்ட் கேமராவோட லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கிறதால இவ்வளவு வேகத்துலயும் ஃபிளாஷ் ஒத்துழைக்கும். பல பெரிய கேமராக்கள் 1/250 பக்கமே நின்னுடும்.

13/
ஃபிளாஷை லென்ஸுக்கு நேர் பக்கத்துல வைக்காதீங்க. தண்ணியில மிதக்கிற தூசி மேல வெளிச்சம் பட்டு, படம் முழுக்கப் பனி கொட்டின மாதிரி ஆயிடும். பக்கவாட்டுல தள்ளி, கொஞ்சம் வெளிப்பக்கமா திருப்பி வையுங்க. ஓரத்து வெளிச்சம் மட்டும் மீன் மேல பட்டா போதும்.

14/
இன்னொரு ஏமாற்று வேலை, கேமரா ஸ்கிரீன். ஆழத்துல சுத்தி இருட்டா இருக்கிறதால, இருட்டாப் பதிவான படம்கூட ஸ்கிரீன்ல பளிச்சுன்னு தெரியும். ரூமுக்கு வந்து லேப்டாப்ல போட்டா கரி. அதனால ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைச்சு வையுங்க, ஹிஸ்டோகிராமை நம்புங்க. வலது ஓரத்துல முட்டி நிக்கக் கூடாது. வெள்ளையா வெடிச்சுப் போன இடத்தை எந்த ரா ஃபைலாலயும் மீட்க முடியாது. கொஞ்சம் இருட்டானதைத் தூக்கி நிறுத்தலாம்.

15/
இப்போ அந்தத் தப்பு. பச்சை ரத்தம் பார்த்த அதே டைவ். கூட என் மனைவி. அவங்க லைசன்ஸ் 18 மீட்டர் வரைக்கும். எனக்கு 30. அதனால திட்டம் 18 மீட்டர்தான், அவங்க பக்கத்துலயே நான் இருக்கணும், 100 பார் வந்ததும் திரும்பணும். படகுல ரெண்டு பேரும் தலையாட்டிட்டு இறங்கினோம்.

16/
சரிவுல ஒரு கணவாய். உடம்பு முழுக்க நிறம் மாத்திக்கிட்டே நிக்குது. முந்தின படம் பாறைக்காக எஃப் 4ல, ஃபிளாஷ் முழு பவர்ல இருந்தது. அப்படியே கிட்டப் போய் அழுத்தினேன். கணவாய் வெள்ளைக் காகிதம் மாதிரி விழுந்தது. எஃப் நம்பரை மாத்தினேன். ஃபிளாஷையும் மாத்தினேன். ஐஎஸ்ஓவையும் தொட்டேன். இப்போ இருட்டு. எது காரணம்னு தெரியல, திரும்ப எல்லாத்தையும் மாத்தினேன். கணவாய் மெல்லப் பின்வாங்கிச்சு. நானும் மெல்லப் போனேன்.

17/
கணவாய் சரிவுல கீழ் நோக்கிப் போச்சு. ஆழம் கூடக் கூட வெட்சூட் அழுத்தத்துல நசுங்கும், அதோட மிதப்பு குறையும், கவனிக்கலேன்னா உடம்பு தானா இறங்கிக்கிட்டே இருக்கும். கண்ணு ஸ்கிரீன்ல. "டங் டங்"னு சிலிண்டரைத் தட்டற சத்தம். முதல் தடவை கேட்டுச்சு, "ஒரே ஒரு படம்"னு நினைச்சேன். ரெண்டாவது தடவைதான் நிமிர்ந்தேன்.

18/
டைவ் கம்ப்யூட்டர் 29 மீட்டர்னு காட்டுது. என் கேஜ்ல 70 பார். எனக்கு 3 மீட்டர் மேல, ஒரு கையில சிலிண்டரைத் தட்டிக்கிட்டு என் மனைவி. 18க்கு மேல போகாதவங்க, 26 மீட்டர்ல. அவங்க கேஜ்ல 60. அந்த ஆழத்துல ஒவ்வொரு மூச்சும் மேல எடுக்கிறதைப் போல மூணரை மடங்குக்கு மேல காத்தைத் தின்னும். பயந்தா மூச்சு வேகமாகும், இன்னும் தின்னும்.

19/
கட்டை விரலை மேல காட்டினேன். கம்ப்யூட்டர் சொன்ன வேகத்துல ஏறினோம். 5 மீட்டர்ல 3 நிமிஷம் நின்னோம். அந்த 3 நிமிஷமும் நான் பார்த்தது அவங்க கேஜை மட்டும்தான். மேல வந்தப்போ அவங்ககிட்ட 25 பார். ஒண்ணும் ஆகல. நல்ல வேளைங்கிறதைத் தவிர அதுக்கு வேற காரணம் இல்ல.

20/
படகுல அவங்க எதுவும் பேசல. ராத்திரி சாப்பிடும்போது ஒரே ஒரு கேள்வி: "தியேட்டர்லயும் இப்படித்தான் இருப்பீங்களா?"
என்கிட்ட பதில் இல்ல.

21/
ஏன்னா அந்த மாதிரி ஆகக் கூடாதுன்னு பி.ஜி. பசங்களுக்குப் பாடம் எடுக்கிறதே நான்தான். ஒரு சின்னப் பிரச்சினையில மனசு ஒட்டிக்கிட்டா மத்த எல்லாம் காதுல விழாது. டியூப் போகலையேன்னு அதையே முயற்சி பண்ணிக்கிட்டு இருப்போம், ஆக்சிஜன் அளவு இறங்கிக்கிட்டே இருக்கும். கிளாஸ்ல நான் சொல்ற உதாரணம், 1972 டிசம்பர் 29 அமெரிக்க விமான விபத்து, ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401. முன் சக்கரத்துக்கான சின்ன பல்ப் எரியலன்னு விமானிகள் அதையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. விமானம் கீழ இறங்கிக்கிட்டு இருந்ததைக் கவனிக்கல. நானும் அதையேதான் பண்ணியிருக்கேன். பல்புக்குப் பதிலா எஃப் நம்பர்.

22/
மயக்க மருந்துல இதுக்கு நாங்க வெச்சிருக்கிற வழி ரொம்பச் சாதாரணமானது. பேஷன்ட் உள்ள வர்றதுக்கு முன்னாடியே எல்லா மருந்தையும் சிரிஞ்சில எடுத்து, பேர் எழுதி ஒட்டி, வரிசையா வெச்சுடுவோம். அவசரத்துல யோசிக்க வேண்டியது குறையும். அதைத்தான் இப்போ கேமராவுக்கும் பண்றேன்.

23/
என் விதிகள்:
ஒரு டைவுக்கு ஒரு வகைப் படம் மட்டும். சின்ன உயிரினமா, பாறையான்னு படகுலயே முடிவு. மேல சொன்ன நம்பரைப் போட்டுட்டுத்தான் குதிப்பேன்.
5 மீட்டர்ல என் கையை ஒரு படம் எடுத்து ஹிஸ்டோகிராம் பார்ப்பேன்.
அதுக்குக் கீழ ஒரே ஒரு குமிழ்தான் தொடுவேன். எனக்கு அது ஃபிளாஷ் பவர்.
ஒரு உயிரினத்துக்கு மூணு படம். மூணுக்கு அப்புறம் ஆழம், கேஜ், துணை. இந்த வரிசையில பார்த்தே ஆகணும். மூணுல வரலேன்னா அந்தப் படம் எனக்கு இல்ல. அந்த உயிரினத்துக்கும் அதுக்கு மேல ஃபிளாஷ் வேண்டாம்.
சிலிண்டர் தட்டற சத்தம் கேட்டா, படம் பாதியில நின்னாலும் சரி, திரும்பிடணும்.

24/
புதுசா டைவிங் கத்துக்கிட்டவங்களுக்கு: ஒரு இடத்துல அசையாம மிதக்க வர்ற வரைக்கும் கேமராவை ரூம்லயே வெச்சுட்டுப் போங்க. கை வைக்காம நிக்கத் தெரியாதவங்க கையில கேமரா இருந்தா, உடையப் போறது பவளப்பாறை. அல்லது என்னை மாதிரி விரல்.

25/
அடுத்த வருஷம் ஜனவரியில திரும்பப் போனோம். 14 மீட்டர்ல ஒரு நுடிபிராங்க். எஃப் 8, 1/250, ஐஎஸ்ஓ 125. முதல் படம் கொஞ்சம் வெளுப்பு, ஃபிளாஷை ஒரு படி இறக்கினேன், ரெண்டாவது சரி. மூணாவது எடுக்கல. நிமிர்ந்து பார்த்தா மனைவி கை எட்டற தூரத்துல. கேஜைக் காட்டச் சொன்னேன். 120. அவங்க என் கேஜைக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன்.

26/
போன வாரம் நீங்க லைக் போட்டது அந்த ரெண்டாவது படம்தான். கணவாய்ப் படம் 14 இருக்கு, ஒண்ணுகூட தேறல. அழிக்காம வெச்சிருக்கேன், கிளாஸ்ல காட்டறதுக்கு.

சந்தேகம் இருந்தா கேளுங்க. ஓபி முடிச்சுட்டு ராத்திரி பதில் சொல்றேன். சளி பிடிச்சிருந்தா மட்டும் தயவுசெஞ்சு தண்ணிக்குள்ள இறங்காதீங்க, காது போயிடும்.