“திருப்பதி மொட்டைன்னு சொல்லிடலாம்... இந்த மேட்டுக்கு என்ன சொல்றது?” - கீமோ போர்ட்டும் நானும்

திருவண்ணாமலையில் மொட்டைத்தலையோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கோயில் ஊர். ராஜகோபுர வாசலில் பத்து நிமிடம் நின்றால் நாலு மொட்டையாவது கண்ணில் படும். கீமோவில் முடி கொட்டியபோது எனக்கு அது பெரிய சௌகரியமாக இருந்தது. “திருப்பதியா, பழனியாம்மா?” என்பார்கள். “திருப்பதி” என்பேன். முடிந்தது.

வலது காறை எலும்புக்குக் கீழே துருத்திக்கொண்டிருந்த மேட்டுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

எனக்கு வந்தது ஹாட்ஜ்கின் லிம்போமா. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். அப்போது வயது 24. நன்றாகக் குணமாகக்கூடிய வகை என்று டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். 15 நாளைக்கு ஒருமுறை வேலூர் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும், மொத்தம் 12 தடவை. முதல் இரண்டு தடவை கை நரம்பில் ஏற்றினார்கள். அந்த மருந்துகளில் சில நரம்பையே சுட்டுவிடும். என் கையில் நரம்பு கயிறு மாதிரி இறுகி, தோலில் கறுப்புக் கோடு விழுந்தது. மூன்றாவது தடவை நாலு இடத்தில் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. “போர்ட் வெச்சிடலாம்” என்றார் டாக்டர்.

போர்ட் என்பது பத்து ரூபாய் நாணய அளவில் ஒரு சின்ன டப்பா. மேல்பக்கம் சிலிக்கான் மூடி. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கத்திலுள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகும். எல்லாமே தோலுக்கு அடியில். ஹூபர் ஊசி என்ற தனி ஊசியை அந்த மேட்டில் குத்தினால் போதும், மருந்து நேராகப் பெரிய குழாய்க்குப் போய்விடும். அங்கே ரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே கலந்துவிடுகிறது, நரம்பு வெந்துபோவதில்லை. ஜான் நீடர்ஹூபர் என்ற அமெரிக்க டாக்டரும் அவருடைய குழுவும் 1982-ல் இதைப் பற்றி எழுதினார்கள். அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும்.

வலி தீர்ந்தது. கண்ணாடிதான் பிரச்னையானது. கீமோவில் நான் இளைத்துவிட்டேன், அதனால் மேடு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது. கழுத்துப் பக்கம் தோலுக்கடியில் குழாய் ஓடும் தடம்கூடத் தெரியும். அம்மா ஒவ்வொரு தடவையும் என் துப்பட்டாவை இழுத்து மூடுவார். “யாராச்சும் பார்த்தா கேப்பாங்கடி. நாளைக்கு உனக்கு மாப்பிள்ளை பார்க்கணும்ல?” இதில் அம்மாவைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. நானே வீடியோ மீட்டிங்கில் கேமராவைக் கழுத்துக்கு மேல்தான் வைப்பேன்.

சித்தி மகள் கல்யாணம் வந்தது. ப்ளவுஸ் தைக்கப் போனேன். டெய்லர் அக்கா அளவெடுக்கும்போது டேப் அந்த இடத்தில் நின்றது. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்போ போர்ட்டுக்கு போட் நெக் வெச்சிடலாம்” என்றார். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். அந்த மேட்டை வைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. போட் நெக் நன்றாகத்தான் மறைத்தது. ஆனால் முகூர்த்தப் புடவையில் குனிந்தபோது எடுத்த ஒரு போட்டோவில் மேடு தெரிந்திருக்கிறது. ஆல்பம் வந்தபோது பார்த்தால், போட்டோகிராபரே அதை கம்ப்யூட்டரில் அழித்து வழுவழுவென்று ஆக்கியிருந்தார். நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார். எனக்கு ஏனோ கோபம் வந்தது. அந்த ஆறு மாசத்தில் என் உடம்பில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதானே?

கீமோ முடிந்த பிறகும் போர்ட்டை உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். அடைத்துக்கொள்ளாமல் இருக்க அவ்வப்போது போய் மருந்து நீர் செலுத்திக் கழுவிவிட்டு வருவேன். அப்போதுதான் மறுபடியும் கிரிவலம் போக ஆரம்பித்தேன். பௌர்ணமிக் கூட்டத்துக்கு டாக்டர் சம்மதிக்கவில்லை, அதனால் சாதாரண நாளில் விடியற்காலையில். 14 கிலோமீட்டரும் இல்லை, முடிந்தவரை. ஒருநாள் குபேர லிங்கத்துக்குப் பக்கத்திலிருக்கும் இடுக்குப் பிள்ளையாரில் நுழையப் போனேன். தெரியாதவர்களுக்கு: உடம்பை ஒருக்களித்து, ஊர்ந்து வெளியே வர வேண்டிய குறுகலான வழி அது. எனக்குப் பின்னால் நின்ற பூக்கடை அக்கா பார்த்துவிட்டார்.

“இன்னாம்மா அது, கட்டியா?”

மறைக்கத் தோன்றவில்லை. “இல்லக்கா, கீமோ மருந்து ஏத்துறதுக்கு வெச்சது.”

அவர் தன் முழுக்கை ரவிக்கையை மேலே சுருட்டினார். இடது கையில் பாம்பு நெளிந்த மாதிரி நரம்பு புடைத்திருந்தது. டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்து வைத்த இடம். “தொட்டுப் பாரு, கரன்ட் மாதிரி ஓடும்” என்றார். உண்மையிலேயே விரலுக்கடியில் அதிர்ந்தது. அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாதாம், அதனால் பூக்கூடை எப்போதும் வலது கையில். “நாலு வருசமா புழுக்கத்துலயும் முழுக்கைதான். உன்ன மாதிரி காத்தாட நடக்கணும்னு ஆசை” என்றார். நான் காற்றாட நடக்கவில்லை, துப்பட்டா நழுவியிருந்தது, அவ்வளவுதான். அதை அவரிடம் சொல்லவில்லை. இடது பக்கமாகப் படுத்து, போர்ட் தரையில் படாமல் ஊர்ந்து வெளியே வந்தேன்.

அதற்கப்புறம் துப்பட்டாவுக்கு பின் குத்துவதை விட்டுவிட்டேன். கேட்பவர்களிடம் சொல்லிவிடுகிறேன். போர்ட் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால் சொல்கிறேன்: ஊசி போடும் நாளில் முன்னால் பட்டன் வைத்த சட்டை வசதி. பையை மறுதோளில் மாட்டுங்கள். காரில் சீட் பெல்ட் உரசினால் சின்ன டவலை மடித்து வையுங்கள், பெல்ட்டைப் போடாமல் மட்டும் இருக்காதீர்கள். அந்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, குளிர்க்காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

2025 ஜனவரியில் பிரிட்டன் இளவரசி கேத் மிடில்டன், தான் சிகிச்சை பெற்ற லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனைக்குப் போனபோது, தன் போர்ட்டோடு ரொம்ப ஒட்டிப்போய்விட்டதாகவும், அதை எடுக்கலாம் என்றபோது தயக்கமாக இருந்ததாகவும் ஒரு நோயாளியிடம் சொன்னார். டெஸ்க்கில் அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது என் முறை. அடுத்த மாசம் எடுக்கிறார்கள். “தழும்பு தெரியுமா டாக்டர்?” என்று அம்மா கேட்டார். சின்னக் கோடு இருக்குமாம். நான், “எடுத்ததை என்கிட்ட குடுப்பீங்களா?” என்று கேட்டேன்.

“அதை எதுக்குடி வீட்டுக்கு?” என்கிறார் அம்மா. பூக்கடை அக்காதான், “கொண்டா, அது எப்படித்தான் இருக்குன்னு பார்க்கலாம்” என்று சொல்லி வைத்திருக்கிறார்.