கண்டதும் காணாததும்

விபத்துச் செய்தி எழுதுவதற்கென்று எமது பத்திரிகைகளில் ஒரு தனித் தமிழ் உண்டு. "வேகக் கட்டுப்பாட்டை இழந்த பஸ் வண்டி வீதியோரத்து மரத்துடன் மோதி விபத்துக்குள்ளானதில்" என்று அது தொடங்கும். "மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர்" என்று முடியும். 1992 இல், பேராதனையில் கலைப் பட்டப் படிப்பை முடித்த கையோடு, கொழும்பில் ஒரு நாளிதழின் ஆசிரியபீடத்தில் சேர்ந்தபோது எனக்கு முதலில் கற்பிக்கப்பட்டது இந்தத் தமிழ்தான். பஸ் வண்டி தானாகவே கட்டுப்பாட்டை இழக்கும். மரம் தானாகவே குறுக்கே வந்து நிற்கும். சாரதி அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்பது வாசகருக்குத் தெரியாது. எழுதிய நிருபர் அந்த இடத்திற்குப் போனாரா என்பது எங்களுக்கே தெரியாது. இப்படி எத்தனை நூறு செய்திகளைச் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருப்பேன் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தவள் லண்டனில் வசிக்கும் எனது தங்கை.

2018 ஜூன் மாதத்தில் மூன்று வாரங்கள் ஹரோவில் உள்ள அவளது வீட்டில் தங்கியிருந்தேன். அவள் அங்கே 'சைல்ட்மைன்டர்'. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் பகல் முழுவதும் பராமரிப்பது அவளது தொழில். எங்கள் ஊரில் இது ஒரு தொழிலாகவே கருதப்பட்டதில்லை. "பிள்ளையைப் பக்கத்து வீட்டிலை விட்டிட்டு வாறன்" என்பதோடு விடயம் முடிந்துவிடும். இங்கிலாந்தில் அப்படி முடியாது. ஒஃப்ஸ்டெட் என்ற அரச கண்காணிப்பு அமைப்பிலோ அங்கீகாரம் பெற்ற முகவர் நிறுவனத்திலோ பதிவு செய்ய வேண்டும். பொதுவாக ஒரே நேரத்தில் எட்டு வயதுக்குட்பட்ட ஆறு பிள்ளைகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. அவர்களில் பாடசாலை வயதை எட்டாத சின்னஞ்சிறுவர் மூவர்தான், அந்த மூவரிலும் ஒரு வயது நிறையாத குழந்தை ஒன்றுதான். குழந்தைகளுக்கான முதலுதவிச் சான்றிதழை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும்.

போய் இறங்கிய மறுநாட் காலையே தங்கை என்னிடம் சொல்லிவிட்டாள்: "அண்ணா, குறை நினைக்காதேங்கோ. பிள்ளையள் நிக்கிற நேரம் நீங்கள் தனிய அவையளோடை நிக்கக் கூடாது. நான் நிக்கிற இடத்திலை நில்லுங்கோ, இல்லாட்டி மேலை போய் இருங்கோ." பின்னணி சரிபார்க்கப்படாத எவரையும் பிள்ளைகளோடு தனியே விடக்கூடாது என்பது விதி. சொந்த அண்ணனுக்குமா என்று மனதிற்குள் சற்றுச் சுருக்கென்றது உண்மை. ஆனாலும் பகற்பொழுதை மேல்மாடியிலேயே கழித்தேன்.

மாலையில் பிள்ளைகள் போன பின்னர் அவள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் உட்காருவாள். எங்களது சீ.ஆர். கொப்பியைவிடச் சற்றுப் பெரியது. ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட கட்டங்கள்: திகதி, நேரம், இடம், நடந்தது என்ன, எங்கே காயம், என்ன முதலுதவி, யார் கண்டது, பெற்றோருக்கு எத்தனை மணிக்கு எப்படி அறிவிக்கப்பட்டது, பெற்றோரின் கையொப்பம். ஓரத்தில் ஒரு சிறு மனித உருவம், முன்புறமும் பின்புறமும். காயம் பட்ட இடத்தில் புள்ளடி இட வேண்டும். விபத்து, காயம், கொடுத்த முதலுதவி ஆகியவற்றை எழுதி வைப்பதும், அன்றைய தினமே, அல்லது இயன்றளவு விரைவில், பெற்றோருக்குத் தெரிவிப்பதும் அங்கே சட்டக் கடமை. பாரதூரமான விபத்தென்றால் பதினான்கு நாட்களுக்குள் ஒஃப்ஸ்டெட்டுக்கும் அறிவிக்க வேண்டும். காலையில் பிள்ளை வரும்போதே உடலில் கீறலோ கண்டலோ இருந்தால் அதற்கும் ஒரு பக்கம் உண்டு, அதைப் பெற்றோர் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

கடி விவகாரம் தனிச் சுவாரசியம். இரண்டு வயதுப் பிள்ளைகள் ஒன்றையொன்று கடிப்பது உலக வழமை. கடிபட்ட பிள்ளையின் பெற்றோருக்கு ஓர் அறிக்கை, கடித்த பிள்ளையின் பெற்றோருக்கு வேறோர் அறிக்கை. ஒன்றில் மற்றப் பிள்ளையின் பெயர் வரக்கூடாது. "ஆர் கடிச்சது எண்டு கட்டாயம் கேப்பினம். நான் சொல்ல மாட்டன். இரவு சாப்பிடேக்கை பிள்ளையே சொல்லிப்போடும்" என்று சிரித்தாள்.

நான் சொல்ல வந்தது ஒரு வியாழக்கிழமை நடந்ததை. முற்பகல் பதினொரு மணி இருக்கும். கீழே வாசல் மணி அடித்தது. பொதி கொண்டுவந்த ஒருவருக்குக் கையொப்பமிட்டுக் கொடுக்கத் தங்கை வாசலுக்குப் போனாள். முன்னறைக் கதவு திறந்தே இருந்தது, இடையில் ஏழெட்டு அடிதான் தூரம். 'தொம்' என்று ஒரு சத்தமும், உடனேயே ஓர் அழுகையும் எனக்கு மேல்மாடியிலும் கேட்டன. நான் இறங்கி வந்தபோது இரண்டு வயதும் சில மாதங்களுமான ஒரு சிறுவனை மடியில் வைத்து, ஈரத்துணியை நெற்றியில் ஒற்றிக்கொண்டிருந்தாள். இடது புருவத்திற்கு மேலே பாக்களவு வீக்கம். இரத்தம் இல்லை. நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி விளையாட்டுச் சாமான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனது தாய் ஒரு வைத்தியசாலையில் தாதி. தலையில் அடி என்றால் மாலை வரை காத்திருப்பதில்லை, உடனே அழைப்பது தங்கையின் வழக்கம். முதல் தடவை அழைப்பு எடுபடவில்லை. செய்தி சொல்லி வைத்தாள். இருபது நிமிடத்தில் தாய் திரும்ப அழைத்தார். கேள்விகள் வரிசையாக வந்தன: உடனே அழுதானா, மயங்கினானா, வாந்தி எடுத்தானா, எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தான்? முதல் மூன்றுக்கும் மறுமொழி இருந்தது. நான்காவதற்குத் தங்கை, "தெரியாது, நான் காணவில்லை" என்றாள். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. வாந்தி வந்தாலோ வழமைக்கு மாறாகச் சோர்ந்து போனாலோ உடனே அழைக்கும்படி சொல்லிவிட்டுத் தாய் வைத்துவிட்டார்.

மதியம் அவன் தூங்கிய பின்னர் கொப்பியை எழுதத் தொடங்கினாள். இடையிடையே எழுந்து போய் அவனைப் பார்த்து, பார்த்த நேரத்தையும் குறித்தாள். எழுதி முடித்ததும், "அண்ணா, நீங்கள் முப்பது வருசம் எழுதின ஆள்தானே, ஒருக்கால் பாருங்கோ" என்று என்னிடம் நீட்டினாள். ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இதுதான்: "நான் முன்வாசலில் பொதி ஒன்றுக்குக் கையொப்பமிட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளை விழுந்ததை நான் காணவில்லை. சத்தமும் அழுகையும் கேட்டன. வந்து பார்த்தபோது நிலத்தில், மேசைக்குப் பக்கத்தில் இருந்தான்."

எனக்குள் இருந்த உதவி ஆசிரியர் விழித்துக்கொண்டார். முதல் இரண்டு வாக்கியங்களும் தேவையில்லை என்றேன். "விளையாடிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி மேசையில் மோதுண்டான்" என்று எழுதினால் போதும், சுருக்கமாகவும் இருக்கும், உனக்கும் சிக்கல் இராது என்றேன்.

"வழுக்கினதை நீங்கள் கண்டனீங்களோ?" என்று கேட்டாள்.

நான் விடவில்லை. பிள்ளைகள் பராமரிப்பவரின் பார்வையிலோ கேட்கும் தூரத்திலோ எப்போதும் இருக்க வேண்டும் என்பதுதானே விதி, நீ கேட்கும் தூரத்தில்தானே இருந்தாய், பிழை இல்லாத இடத்தில் நீயாக ஏன் பிழையை ஒப்புக்கொள்கிறாய் என்று வாதாடினேன். அவள் பொறுமையாகச் சொன்ன மறுமொழியை இன்றும் மறக்கவில்லை. "இண்டைக்கு இரவு இவன் சத்தி எடுத்தா அந்தத் தாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவா. டொக்டர் முதல் கேக்கிறது எப்பிடி விழுந்தவன் எண்டுதான். அவ இந்தக் கடதாசியைத்தான் காட்டுவா. நாங்கள் வழுக்கினது எண்டு எழுதினால் நிலத்திலை நிண்டு விழுந்தவன் எண்டு நினைப்பினம். பெட்டிக்கு மேலை ஏறி விழுந்திருந்தால்?"

பிறகு அளவுநாடாவை எடுத்துக்கொண்டு போய் விளையாட்டுச் சாமான் பெட்டியின் உயரத்தை அளந்தாள். 38 சென்ரிமீற்றர். அதையும் எழுதினாள். அவன் பெட்டியின் மேல் நின்றதாகச் சிறுமி சொன்னதை, "அறையில் இருந்த இன்னொரு பிள்ளை இவ்வாறு சொன்னது, என்னால் உறுதிப்படுத்த முடியாது" என்று தனி வரியில் சேர்த்தாள். சொன்னவர் இன்னார், நான் கண்டது இவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும் என்பதைப் பயிற்சி நிருபர்களுக்கு நான் வகுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறேன். கரும்பலகையில் எழுதியும் காட்டியிருக்கிறேன்.

அன்று மாலை வரை எனக்கு ஒரு பழைய நினைவு வந்து வந்து போனது. 1973 இல் எனக்கு ஐந்து வயது. அம்மா படிப்பிக்கப் போகும் நாட்களில் என்னைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விட்டுச் செல்வார். ஒரு நாள் கிணற்றடிச் சீமெந்தில் விழுந்து நாடி வெடித்துவிட்டது. ஆச்சி கோப்பித்தூளை அப்பி இரத்தத்தை நிறுத்தினார். சீனி போட்ட புக்கை தந்தார். "கொம்மாவுக்குச் சொல்லாதை ராசா, அவ பயப்பிடுவா" என்றார். இரவு முகம் கழுவும்போது அம்மா கண்டுவிட்டார். எப்படி என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆச்சியிடம் போய்க் கேட்டார், அவரும் தெரியாது என்றார். அதன் பின்னர் இரண்டு வீட்டுக்கும் நெடுங்காலம் பேச்சுவார்த்தை இல்லை. ஆச்சி என்னைத் தன் பேரப்பிள்ளையிலும் மேலாகப் பார்த்தவர். விழுந்த காயத்திற்காக அம்மா அவரோடு கோபிக்கவில்லை என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கியது. ஆச்சியின் செத்த வீட்டிற்கு அம்மா போனார், ஆனால் திரும்பி வந்து ஒரு வார்த்தை பேசவில்லை. தழும்பு இன்னும் இருக்கிறது, சவரம் செய்யும்போது கத்தி அதில் தட்டும்.

ஆறு மணியளவில் தாய் வந்தார். மகனைத் தூக்கி வெளிச்சத்தில் நெற்றியைப் பார்த்தார். பிறகு கொப்பியை வாங்கி நின்றபடியே வாசித்தார், இரண்டு தடவை வாசித்தார் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் வாசலில் நின்றீர்கள் என்று கேட்டார். ஒரு நிமிடத்திற்குள்தான் இருக்கும், ஆனால் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை என்றாள் தங்கை. ஒரு பொதிக்காகவா என்று கேட்டார். தங்கை ஓம் என்றாள், வேறொன்றும் சொல்லவில்லை. தாய் கையொப்பமிட்டார். நாளைக்கு அவனைக் கொண்டுவர மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சொன்னபடி எழுதியிருந்தால் இது வந்திருக்காது என்று வாயெடுத்தேன். தங்கையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அந்தத் தொழிலில் ஒரு பிள்ளை போவதென்றால் மாத வருமானத்தில் பெரும்பங்கு போவது. அதைவிட, ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்வதை வைத்தே அடுத்த பிள்ளை வரும். வெள்ளியும் சனியும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறன்று எங்கள் மைத்துனர் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கராஜுக்குள் வைத்தார். வாசலில், பொதிகளைப் பக்கத்து வீட்டில் கொடுக்கும்படி ஓர் அறிவித்தலும் ஒட்டப்பட்டது.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு மணி அடித்தது. சிறுவனும் தாயும். வீக்கம் வற்றி மஞ்சளாகியிருந்தது. தாய் வாசல் அறிவித்தலைப் பார்த்தார், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வியாழன் இரவு வைத்தியசாலையில் வேலை செய்யும் ஒரு வைத்தியரிடம் கொப்பியின் பிரதியைக் காட்டியதாகவும், பெட்டியின் உயரம் எழுதியிருந்தது உதவியாக இருந்ததாகவும் போகிற போக்கில் சொன்னார். இனி மணி அடித்தால் கதவைத் திறக்க வேண்டாம் என்றும் சொன்னார். மன்னிப்பதாகச் சொல்லவில்லை, தங்கையும் அதை எதிர்பார்த்தவளாகத் தெரியவில்லை. அந்தப் பையன் பாடசாலை தொடங்கும் வரை அவளிடம்தான் வளர்ந்தான்.

கொழும்புக்குத் திரும்பி வேலைக்குப் போன முதல் வாரத்திலேயே பிரதேச நிருபர் ஒருவரிடமிருந்து ஒரு விபத்துச் செய்தி வந்தது. வேகக் கட்டுப்பாட்டை இழந்த முச்சக்கரவண்டி, மதில், இருவர் காயம். தொலைபேசியில் அழைத்து, "தம்பி, வேகமாக வந்ததை ஆர் கண்டது?" என்று கேட்டேன். "ஐயா, அது அப்பிடித்தானே எழுதுறது" என்றார். "முச்சக்கரவண்டி மதிலுடன் மோதியது. மோதியதற்கான காரணம் உடனடியாகத் தெரியவரவில்லை" என்று மாற்றி அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையை விரித்தபோது பக்க வடிவமைப்பில் இருந்த யாரோ ஒரு வரி குறைகிறதென்று, பழைய வாக்கியத்தையே திருப்பிப் போட்டிருந்தார்கள்.